லிம் சாமி சொன்ன சீனர் கதையும் எங்கள் வீட்டுக் கல்யாணமும்

"நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க சாமி" என்று நான் கேட்டபோது லிம் சாமியின் வாய் நிறைய ரொட்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் காலைப் பூசையை முடித்துவிட்டு, பதுளைக்கு இறங்குகிற வழியில் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். வெளியே தூறல். தகரக் கூரையில் அந்தச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி லூர்து தேங்காய் ரொட்டி சுட்டுச் சுட்டுக் கொண்டுவந்து போட்டாள். கட்டச் சம்பலின் காரத்தில் சாமியின் மூக்கு சிவந்திருந்தது. எங்கள் மகன் அருளும் மேசையில் இருந்தான். விருந்தாளி வந்திருப்பதால் இருந்தான்.

"எதப் பத்திங்க?" என்றார் சாமி.

"இவன் கட்டிக்கப் போறேன்னு நிக்கிற புள்ளையப் பத்தித்தான். ஞானஸ்நானம் எடுத்துக்குறேன்னு சொல்லுது. ஆனா வருஷா வருஷம் செத்துப்போன அவங்க அப்பா படத்துக்கு முன்னால இலை போட்டு, சோறு வச்சு, வெளக்கேத்திக் கும்பிடுவேன்னும் சொல்லுது. ஒரு கிறிஸ்தவ வீட்டு மருமக அப்படிச் செய்யலாமா?"

சாமி மென்று முடித்தார். பிளேன்டீ ஒரு மிடறு குடித்தார். என்னைப் பார்க்காமல் அருளைப் பார்த்துக் கேட்டார்: "அந்த அப்பாவுக்கு என்ன வைப்பாங்க?"

"பாணும் பருப்பும் சாமி" என்றான் அருள். "காலையில கடையத் தொறந்தா நின்னுக்கிட்டே அதத்தான் சாப்பிடுவாராம். அதனால வடை, பாயாசம், அஞ்சாறு கறின்னு எல்லாம் வச்சாலும் இலை ஓரத்துல கால் றாத்தல் பேக்கரிப் பாண் வச்சிடுவாங்க."

"எங்க தாத்தா அவரு அப்பாவுக்கு வச்சது நூடில்ஸ்" என்றார் சாமி.

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டது சாப்பாட்டு விவரம் இல்லை. முகத்தைப் பார்த்தே அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தெரியுதுங்க, நீங்க கேட்டது. அம்மா, இன்னொரு ரொட்டி வைங்க. இது பெரிய கதை. வெறும் வயித்துல சொல்ல ஏலாது."

பல் டொக்டர் இல்லை

அந்தக் கதைக்கு முன்னால் சாமி யார் என்று சொல்லிவிடுகிறேன். மேற்றிராணிமார் என்கிற ஆயர்களையும் பெரிய சாமிமாரையும் பற்றியே எழுதுகிறீர்களே, தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் நடந்து திரிந்த சாமிமார் நினைவில் இல்லையா என்று பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறார்கள் அம்மா. இந்த வாரம் அப்படி ஒருவரைப் பற்றித்தான்.

லிம் சாமி பிலிப்பைன்ஸ் தேசத்தில், மணிலாவில் பிறந்த சீனர். எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில்களைப் பார்த்துக்கொள்ள அவருடைய சபையார் அனுப்பியிருந்தார்கள். வயது நாற்பதுக்குள். அவர் இருந்தது இரண்டு வருஷமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ.

பதுளைக் கடைவீதியில் ஒரு காலத்தில் சீனக் குடும்பம் ஒன்று பல் கட்டுகிற கடை வைத்திருந்தது. வாசலில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வாயில்லாத பல் வரிசைகள். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே பயப்படும். என் அப்பாவின் மேல்வரிசை அங்கே செய்ததுதான். அதனால் எங்கள் தோட்டத்தில் சீன முகம் என்றாலே பல் ஞாபகம்தான்.

சாமி முதல் தடவை நோயாளிகளைப் பார்க்க வந்தபோது நான்தான் வழிகாட்டிக்கொண்டு போனேன். படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர் அவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து, கடைவாய்ப் பக்கம் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தப் பக்கம்தாங்க. ரெண்டு வாரமா வலி."

சாமி குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார். பிறகு அந்தக் கன்னத்தில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். "நான் புடுங்க மாட்டேங்க. மந்திரிக்கத்தான் தெரியும்" என்றார். லயமே சிரித்தது.

தமிழை அவர் கற்றது கொழுந்து எடுக்கிற பெண்களிடம். அவர்கள் சாமியிடம் வாங்க போங்க என்று மட்டுமே பேசுவார்கள் இல்லையா, அதனால் அவருக்கு மரியாதைத் தமிழ் ஒன்றுதான் வந்தது. கோயிலுக்குள் படுத்திருந்த நாயிடம் "தயவுசெஞ்சு எந்திரிச்சுப் போங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நாய் எழுந்து போனது.

ஒரு நாள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துப் பக்கம் நின்று சொன்னார்: "மணிலாவுல என்னையச் சீனன்னு சொல்லுவாங்க. சீனாவுக்குப் போனா பிலிப்பைன்காரன்னு சொல்றாங்க. இங்க வந்தா பல் டொக்டர்ங்குறாங்க."

கொழுந்துக்கூடையோடு நின்ற ஒரு பெண் உடனே சொன்னாள்: "நமக்கும் அதே கததான் சாமி. இங்க இந்தியாக்காரன். அங்க போன எங்க சித்தப்பாவ சிலோன்காரன்னு கூப்புடுறாங்க."

அன்றையிலிருந்து அவர் எங்கள் ஆள்.

என் பிடிவாதம்

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தினவன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் லயத்தில் பிறந்து, தேயிலைப் பெக்டரியில் வேலை செய்து, இப்போது பதுளை போகும் வழியில் சிறிய வீடு கட்டிக் குடியிருக்கிறேன். என் அப்பா உபதேசியார். சாமி வராத ஞாயிறுகளில் செபம் சொல்வது, ஞானஸ்நானத்துக்கு ஆட்களைத் தயார் பண்ணுவது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் உபதேசியார் வேலை. அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது.

அருள் பதுளைக் கடைவீதியில் கைத்தொலைபேசி திருத்துகிறான். அவன் கடைக்கு நேர் எதிரே ஒரு சில்லறைக் கடை. முதலாளி முத்தையா இறந்து மூன்று வருஷம். அவர் மனைவி பரமேஸ்வரியும் ஒரே மகள் கௌசல்யாவும் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரெதிர்க் கடை.

அந்தப் பிள்ளை தானாகவே ஒரு நாள் பிஸ்கட் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது.

"மாமா, ஞானஸ்நானம் எடுக்குறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. பூசைக்கு நாலு தடவ வந்திருக்கேன்."

"தெரியும். பின் வாங்குல ஒக்காந்திருந்தே."

"ஆனா அப்பா திதிக்கு வீட்டுக்குப் போயிடுவேன். அம்மாவுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. நான் போகலன்னா இலை போட ஆளில்ல."

"படம் இருக்கட்டும்மா. மால வேணாம், பொட்டு வேணாம், வெளக்கு வேணாம், சோறு வேணாம்."

"அப்படின்னா அது செவுத்துல தொங்குற கலண்டர் மாதிரில்ல இருக்கும் மாமா."

லூர்து சிரித்துவிட்டாள். நான் முறைத்தேன்.

எங்கள் பங்குச் சாமி நல்ல வழி ஒன்று சொன்னார். பிள்ளை மதம் மாறாமலேயே கோயிலில் கல்யாணம் நடத்தலாம், மேற்றிராணியாரிடம் அனுமதிக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். எத்தனை வீடுகளில் நான் போய், படையல் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டு மருமகள் இலை போட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு கோயிலில் முன்னால் நிற்பது?

பேச்சு பரமேஸ்வரியின் காதுக்குப் போனது. "அப்பன் படத்த எறக்கச் சொல்ற வீட்டுக்கு என் புள்ள போகாது" என்று பதில் வந்தது. அதோடு நின்றது.

அருள் என்னோடு சண்டை போடவில்லை. வேலை முடிந்து வருவான், தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டே சாப்பிடுவான். நான் அடுப்படிக்குப் போனால் தட்டோடு வெளியே வருவான். ஒரு நாள் லூர்து அழுதுகொண்டே சொன்னாள், கட்டாருக்குப் போக பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவிட்டானாம். இந்த மாசத்துக்குள் பதில் இல்லையென்றால் போய்விடுவானாம்.

அப்போதுதான் எனக்கு லிம் சாமி ஞாபகம் வந்தது. சீனர்களும் முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுகிறவர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்த வம்சம்தானே சாமியுடையது. அவர் சொன்னால் அருள் கேட்பான் என்று நம்பினேன். அந்த எண்ணத்தில்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

பீரங்கி எட்டுகிற தூரம்

இனி சாமி சொன்ன கதை. அவருடைய தோட்டத்துத் தமிழை அப்படியே எழுதினால் பத்திரிகைக்காரர் கோபிப்பார். அங்கங்கே மட்டும் அவர் வாய்ச்சொல்லை விட்டுவைக்கிறேன்.

ஸ்பெயின்காரர் மணிலாவை ஆண்ட காலத்தில் சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். பட்டு விற்கிறவர், பீங்கான் விற்கிறவர், தச்சர், தையல்காரர், பாண் சுடுகிறவர். அவர்கள் இல்லாமல் ஊருக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆனாலும் ஆட்சிக்காரருக்கு அவர்களைக் கண்டால் பயம். அதனால் கோட்டைக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரத்தில் ஒரு இடத்தைக் கொடுத்து, இங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

"லயம் மாதிரி" என்றான் அருள்.

"லயம்தாங்க. உங்களுக்குப் பெரட்டு, எங்களுக்குப் பீரங்கி."

அந்தச் சீனர் நடுவில் வேலை செய்ய சில சாமிமார் போனார்கள். உட்கார்ந்து சீன மொழி படித்தார்கள். சீன எழுத்திலேயே செபமும் ஞானோபதேசமும் அச்சடித்தார்கள். நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் கிடைத்தது. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது.

"பாதிப் பேரு விசுவாசத்துக்காக வந்தாங்க. பாதிப் பேரு பொண்ணு கட்டுறதுக்காக வந்தாங்க. யாரு எந்தப் பாதின்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"இப்பவும் அப்படித்தான் சாமி" என்றாள் லூர்து, ரொட்டியைத் தட்டிக்கொண்டே.

ஆனால் ஒரு சிக்கல். ஞானஸ்நானம் வேண்டும் என்றால் நீள முடியை வெட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சட்டம் போட்டிருந்தார்கள். முடி இல்லாமல் ஒரு சீனன் ஊருக்குத் திரும்பினால் அங்கே அவனைக் குற்றவாளி மாதிரி பார்ப்பார்களாம். அப்பா அம்மா முகத்தைப் பார்க்கப் போக முடியாது. அதனால் கோயில் வாசல் வரை வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

"அவங்க பயந்தது தண்ணிக்கு இல்லீங்க. கத்தரிக்கோலுக்கு" என்றார் சாமி. மொழி படித்து அந்தச் சனத்தோடு சனமாகப் புழங்கிய சாமிமார்தான் மேலிடத்தோடு வாதாடினார்களாம். தலையில் தண்ணீர் ஊற்ற விடுங்கள், முடியைத் தொடாதீர்கள் என்று.

அருள் மெதுவாக என் பக்கம் பார்த்தான். நான் சம்பல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணிக்கடைத் தாத்தா

சாமியின் சொந்தக் கதை அதற்கு வெகுகாலம் பிந்தியது. அவருடைய தாத்தா வாலிப வயதில் சீனாவிலிருந்து வந்து, மணிலாவில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடை போட்டார். கடைக்குள் ஒரு தட்டு அடித்து, அதில் தன் அப்பாவின் படத்தை வைத்து, தினமும் ஊதுபத்தி கொளுத்துவார். வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு கோப்பை நூடில்ஸ்.

அந்தச் சமயம் சீனாவில் ஆட்சி மாறி, அங்கிருந்த வெளிநாட்டுச் சாமிமாரையும் கன்னியாஸ்திரிகளையும் விரட்டிவிட்டிருந்தார்கள். அவர்களில் கொஞ்சம் பேர் மணிலாவுக்கு வந்து அங்கிருந்த சீனருக்காகக் கோயிலும் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமி, தாத்தாவின் ஊர்ப் பேச்சைத் தாத்தாவின் பிள்ளைகளை விட நன்றாகப் பேசுவாராம். வாரா வாரம் கடைக்கு வந்து தேத்தண்ணீர் குடிப்பார். இரண்டு பேரும் நல்ல சிநேகம்.

மூத்த மகன் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து ஞானஸ்நானம் பெற்றான். லிம் சாமிக்குப் பெரியப்பா முறை. வெள்ளைக்காரச் சாமி அவனிடம், கடையில் இருக்கிற அந்தப் படத்தை இறக்கிவிடு என்றார். இறக்கினான். தாத்தா திரும்ப எடுத்து வைத்தார். அன்றையிலிருந்து அப்பனும் மகனும் ஒரு மேசையில் சாப்பிடவில்லை. அப்பன் எழுந்து போன பிறகு மகன் வந்து உட்காருவான்.

"இதுல ஒண்ணு இருக்குங்க" என்றார் சாமி. "முன்னோர் படத்துக்கு முன்னால தல குனியிறது, பத்தி வைக்கிறது மரியாததான், பாவம் இல்லன்னு ரோமாபுரியில இருந்து அதுக்கு முன்னாலயே உத்தரவு வந்தாச்சு. சட்டம் எளகிடுச்சு. அந்தச் சாமி எளகல."

தேத்தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அவர் தாத்தாவிடம் ஞானஸ்நானம் பற்றிக் கேட்பார். "எங்கப்பனுக்கு எடமில்லாத வீட்டுல எனக்கு எதுக்கு எடம்?" என்பாராம் தாத்தா. கடைசி வரைக்கும் எடுக்கவில்லை. அப்படியே இறந்துபோனார்.

பெட்டிக்குப் பக்கத்தில் எல்லாரும் நிற்கும்போது அந்த வெள்ளைக்காரச் சாமி வந்தார். மூன்று ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினார். நெற்றிக்கு நேரே பிடித்து மூன்று தடவை குனிந்தார். பெரியப்பா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாராம்.

"பெரியப்பா இன்னைக்கும் சொல்லுவாரு. ஒரு வருஷம் முன்னால வந்து வச்சிருந்தா எங்கப்பா கண்ணால பாத்திருப்பாருன்னு."

நான்தான் கேட்டேன். "அப்ப நான் என்ன செய்யணும் சாமி?"

"நீங்க உபதேசியாருங்க. நான் விருந்தாளி" என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். ஆட்டோ வந்து நின்றது. வாசலில் நின்ற கோழியிடம் "வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

சாக்குக்குள் போன படம்

அன்று முழுக்க எனக்கு வேறொரு படம் கண்ணுக்குள் நின்றது. அதை இதுவரை இந்தத் தொடரில் எழுதவில்லை. லூர்துவிடம் கூடச் சொன்னதில்லை.

எனக்கு இருபது வயது இருக்கும். பெக்டரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஞானஸ்நானம் பெற்றால், அப்பா ஒரு சாக்கோடு போவார். சுவரில் மாட்டியிருக்கிற சாமி படங்களையெல்லாம் கழற்றிச் சாக்கில் போட்டு, கீழே ஆற்றில் விட்டுவிட்டு வருவார். யாரும் அவரைத் தப்பாக நினைத்ததில்லை. வீட்டுக்காரரே ஸ்டூல் எடுத்துக் கொடுப்பார்கள்.

அஞ்சலை என்ற பெண் பிள்ளைகளோடு ஞானஸ்நானம் பெற்றபோதும் அப்படித்தான் போனோம். அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அடுப்புப் புகையில் எல்லாமே கறுத்துப் போயிருந்தது. வரிசையாக நாலைந்து படங்கள். எல்லாவற்றுக்கும் பொட்டு, காய்ந்த பூமாலை. அப்பா கழற்றிக் கொடுத்தார், நான் சாக்கில் போட்டேன். ஆற்றில் விட்டோம்.

அதில் ஒன்று சாமி படம் இல்லை. இறந்துபோன அவள் புருஷனின் படம். பதுளையில் ஸ்டூடியோவில் எடுத்த ஒரே படம். மாலையும் பொட்டும் இருந்ததால் அப்பா பார்க்காமல் கழற்றிவிட்டார். நானும் பார்க்கவில்லை.

அஞ்சலை கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் ஆற்றுக்கு ஓடினாள். படத்தின் சட்டம் கல்லில் மாட்டி நின்றது. கண்ணாடி உடைந்து, உள்ளே இருந்த காகிதத்தில் முகம் இருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிப் பார்த்தாள்.

அப்பா கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இது: "படம்தானேம்மா. ஆத்துமா ஆண்டவர்கிட்ட இருக்கு."

அதற்குப் பிறகும் அவள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தாள். சாகும் வரைக்கும் என் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் முகம் தெரியாத அப்பனுக்குத்தான் செபம் சொன்னார்கள். இப்போது அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு முத்தையா வீட்டு வாசலில் நானே நிற்பதுபோல் இருந்தது.

இலைக்கு முன்னால்

அடுத்த வாரம் வியாழக்கிழமை முத்தையாவின் திதி. காலையில் அருள் வேலைக்குப் போன பிறகு லூர்துவிடம் புறப்படச் சொன்னேன்.

"எங்கங்க?"

"பதுளைக்கு. திதிக்கு."

அவள் உடனே கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினாள். கையில் என்ன கொண்டுபோவது என்றுதான் குழம்பினோம். மெழுகுவர்த்தியா வாங்குவது? கடைசியில் பஸ் நிலையத்தில் ஒரு சீப்புக் கோழிக்கூட்டுப் பழம் வாங்கினோம்.

கடை பலகை போட்டு மூடியிருந்தது. பின்வாசலில் தட்டினேன். பரமேஸ்வரி பாதிக் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் கை கதவிலேயே நின்றது.

"படத்த எறக்கச் சொல்ல வந்தீங்கன்னா இன்னைக்கு மட்டும் வேணாங்க உபதேசியாரே. நாளைக்கு வாங்க. ஒக்காந்து நல்லா சண்ட போடலாம்."

"சண்டைக்கு வரலீங்க. சாப்பிடத்தான் வந்தோம்."

அவள் லூர்துவைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள். கதவை முழுக்கத் திறந்தாள்.

உள்ளே மிளகாய்ச் சாக்கும் மாசிக் கருவாடும் மணந்தன. அதற்கு மேலே சாம்பிராணி. சுவரோரம் நாற்காலியில் படம். சட்டைப் பையில் பேனை செருகியிருந்த ஒரு சாதாரண மனுஷர். முன்னால் தலைவாழை இலை. அருள் சொன்னதுபோல் ஓரத்தில் பாண். கௌசல்யா குனிந்து பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது.

"ஊத்தும்மா" என்றேன்.

படத்துக்கு முன்னால் நின்றேன். கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அது தன் பழக்கத்துக்குச் சிலுவை போட்டுக்கொண்டது. நாற்பது வருஷமாக நான் அடக்கச் சடங்கில் சொல்லிவருகிற செபம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதில் இறந்தவர் பெயர் வர வேண்டும்.

"அப்பா பேரோட சேத்து அவரு முழுப் பேரு என்னங்க?" என்று பரமேஸ்வரியிடம் கேட்டேன்.

"கருப்பையா முத்தையா" என்றாள்.

அந்தப் பெயரைச் சொல்லி, அவருக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் கொடுக்க வேண்டும் என்று செபித்தேன். லூர்து ஆமென் சொன்னாள். பிறகு கௌசல்யா கற்பூரம் காட்டினாள். தட்டை அம்மாவிடம் கொண்டுபோனவள் என்னிடம் நீட்டவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். நானும் தொட்டு ஒற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அது வழக்கம் இல்லை, இல்லாததை இருந்ததாக எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை எனக்காக அப்படிச் சுற்றிப் போனதை நான் கவனித்தேன்.

பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். படைத்த சோறு என் வாயில் பட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியிடம் அதையும் சொன்னேன். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் அருள் வந்தான். இலைக்கு முன்னால் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு நிலைவாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு இலை வருவதற்குள் என் இலையிலிருந்த வடையை எடுத்துத் தின்றான். சின்ன வயதிலிருந்தே என் தட்டில் கை வைக்கிற பழக்கம்.

"கட்டார் எப்ப?" என்று கேட்டேன்.

"யாரு போறா?" என்றான், வாயில் வடையோடு.

பரமேஸ்வரி மோர் ஊற்ற வந்தாள். "தை பொறந்த பெறகு நாள் பாக்கலாமாங்க?" என்று லூர்துவைக் கேட்டாள். இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் புறப்படும்போது கௌசல்யா பலகைகளைக் கழற்றிக் கடையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மாமா, ஞானஸ்நான வகுப்பு எந்தக் கெழம?"

"கல்யாணத்துக்கு அது வேணும்னு இல்லம்மா. பங்குச் சாமி கடிதம் வாங்கித் தருவாரு. நீ மாறணும்னு இனிமே நான் கேக்க மாட்டேன்."

"நான் அதக் கேக்கலயே. எந்தக் கெழமன்னுதானே கேட்டேன்."

"சனிக்கிழம. நம்ம வீட்டுலதான். மூணு மணிக்கு."

"மூணு மணிக்கா? தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் வாங்க எறங்குற நேரம் மாமா அது. அம்மா ஒத்த ஆளா என்ன செய்வாங்க? எனக்கு அஞ்சு மணிக்குத்தான் கை ஓயும்."

என் அப்பா காலத்திலிருந்து அந்த வகுப்பு சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான். நேரம் மாற்றிக் கேட்டவர்களை, ஆண்டவருக்கு ஒதுக்க ஒரு மணி நேரம் இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"அஞ்சரைக்கு வச்சுக்கலாம்மா" என்றேன்.